உயிரணுவின் சுமையேந்திகள்

(ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ப்புலவன் ஒருவனுக்கு உயிரணுவைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அறிவியற் செய்தியைத் தமிழில் எடுத்துச் சொல்லும் கடமை அறிவியலாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லை ஆள்வோர்க்கும் அதிற் பங்குண்டு. அவ்வுரிமை பற்றியே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

அன்பர்களே, உங்கள் காலின் பெருவிரலைச் சற்றே அசைத்துப் பாருங்கள். அவ்விரலையொட்டிப் பாதத்தில் உள்ள சிறுதசையை ஏவுகின்ற நரம்புயிரணுவின் உடல் பாதத்தில் இல்லை. முதுகந்தண்டின் உள்ளே, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றது. அங்கிருந்து புறப்படும் ஓரிழை, இடையில் எங்கும் ஒட்டுப்போடாமல், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டு பாதம் வரை வருகின்றது. அவ்வளவும் ஒரே உயிரணு. அதன் உடலின் அகலமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு கூறைத் தாண்டாது. அவ்வுடலைப் பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு வீடாகப் பெருக்கிக் கொண்டால், அவ்வீட்டிலிருந்து புறப்படும் இழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்.

இனி வினா இதுதான். புரதங்கள் பெரும்பாலும் அவ்வீட்டில்தான் சமைக்கப்பெறுகின்றன. உண்பவனோ இழையின் கடைக்கோடியில் இருக்கின்றான். சோற்றைக் கொண்டு சேர்ப்பவர் யார்?

தானே பரவிச் சென்று சேரும் என்று சொல்லிவிடலாமா? ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது பரவுகின்றது அன்றோ? அப்பரவலுக்கு ஒரு கணக்கு உண்டு. தொலைவு இருமடங்கானால் நேரம் நான்மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். உயிரணுவினுள் ஒரு புரத மூலக்கூறு மில்லிமீட்டரில் நூறில் ஒரு கூறு தொலைவைச் சில நொடிகளிற் பரவிக் கடந்துவிடும். அதே மூலக்கூறு அதே முறையில் ஒரு மீட்டரைக் கடக்க வேண்டுமாயின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இராசராசன் காலத்தில் தண்டுவடத்திலிருந்து விடுத்த உணவு இன்னும் கால்விரலைச் சேர்ந்திராது என்க.

ஆகவே யாரோ சுமக்கின்றனர். அச்சுமத்தலைப் பற்றிய முதற் சான்று 1948-இல் கிடைத்தது. பால் வைசு, எலன் இசுகோ என்னும் இருவர் விலங்குகளின் நரம்பினை இறுக்கிப் பிடித்து வைத்தனர். இறுக்கிய இடத்திற்கு மேற்புறம், உயிரணு உடல் இருந்த பக்கம், இழை புடைத்தது. வாய்க்காலை அடைத்தால் மடையின் மேற்புறம் நீர் தேங்குவது போன்றது அது. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கியது கீழே நகர்ந்தது. பின்னர்க் கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களைக் கொண்டு அளந்தவர்கள் இருவகைப் போக்கினைக் கண்டனர். ஒன்று நாளொன்றுக்கு ஓரிரு மில்லிமீட்டர் ஊரும் மெல்லிய போக்கு. மற்றொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் ஓடும் விரைந்த போக்கு. விரைந்த போக்கிற்கு ஒரு மீட்டர் என்பது இரண்டரை நாள் வழி. ஆயிரம் ஆண்டு எங்கே, இரண்டரை நாள் எங்கே!

சுமப்பவரைக் கண்ணாற் கண்ட வரலாறு சுவையானது. அதைச் சற்று விரித்தே சொல்வேன். நம் கடற்கரையில் ஊசிக்கணவாய் என்று மீனவர் விற்கும் கடலுயிரியின் இனத்தில், உடலைச் சட்டெனச் சுருக்கி நீரைப் பீச்சி ஓடுதற்கென்று ஒரு தடித்த நரம்பிழை உண்டு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை எட்டும், வெறுங்கண்ணுக்கே தெரியும். பற்குழைமக் குழாயைப் பிதுக்குவது போல அவ்விழையினுள்ளிருக்கும் பசையைப் பிதுக்கி வெளியே எடுத்துவிடலாம். அமெரிக்க நாட்டின் கீழைக்கரையில் உட்சுஓல் என்னும் ஊரில் உள்ள கடலுயிரி ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் இராபர்ட்டு ஆலன் முதலானோர், நுண்ணோக்கியோடு தொலைக்காட்சிப் படக்கருவியைப் பொருத்தி அப்பசையைப் பார்த்தனர். உயிரணுவின் கூடே இல்லை; உயிர் போய்விட்டது எனலாம். ஆயினும் பசையினுள் சிறுசிறு பைகள் இருபுறமும் விரைந்து ஓடிக்கொண்டேயிருந்தன! எரிபொருளை மட்டும் ஊற்றினால் மணிக்கணக்கில் ஓடின.

அதே ஊருக்கு உரொனால்டு வேல் என்னும் இளைஞரும் மைக்கேல் சீட்சு என்பவரும் வந்து சேர்ந்தனர். தசையில் உள்ள மையோசின் என்னும் புரதமே நரம்பிலும் சுமக்கின்றது என்பது அவர்கள் கொண்டு வந்த கருத்து. அதற்கு நல்ல கரணியமும் இருந்தது. 1983-இல்தான் சீட்சும் சேம்சு இசுபூடிச்சும், குளத்துப் பாசியான நைட்டெல்லாவின் நீண்ட உயிரணுவை வெட்டித் திறந்து, மையோசின் பூசிய நுண்மணிகள் அதனுள்ளிருக்கும் ஆக்டின் இழைகளின்மேல் ஒரே திசையில் ஓடுவதைக் கண்டிருந்தனர். கணவாயின் நரம்போ அவர்கள் கருத்துக்கு உடன்படவில்லை. பைகள் ஓடிய தடம் ஆக்டின் அன்று. நுண்குழல் என்னும் வேறொரு தடம். தசைச்சரக்கைத் தேடி வந்தவர்க்குப் புதுச்சரக்கு கிட்டியது. அவர்கள் நரம்புப் பசையின் சாற்றைக் கண்ணாடித்தகட்டில் தடவி, அதன்மேல் நுண்குழல்களை விட்டபொழுது, அக்குழல்கள் பாம்பு போலத் தகட்டின்மேல் ஊர்ந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று அவற்றைத் தள்ளிற்று.

அந்த 'ஏதோ ஒன்றை'ப் பிடித்த முறை வேட்டுவர் கண்ணி வைப்பதற்கு ஒப்பானது. சுமையேந்தி ஒவ்வோர் அடிக்கும் ஏ.டி.பி. என்னும் எரிபொருளை உடைத்து ஆற்றல் பெறுகின்றது. உடைக்க இயலாத போலி ஏ.டி.பி. ஒன்றை ஊட்டினால் அது தடத்தை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டாமல் நின்றுவிடும். தடத்தைத் திரட்டி எடுத்தால் அதனோடு சுமையேந்தியும் வந்துவிடும். பின் உண்மை எரிபொருளைக் கொடுத்தால் கழன்றுகொள்ளும். இவ்வாறு பிரித்தெடுத்த புதிய புரதத்திற்கு 1985-இல் வேல், தாமசு இரீசு, சீட்சு ஆகியோர் கைனேசின் என்று பெயரிட்டனர். 'இயங்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். இத்தகைய புரதங்கள் அனைத்தையும் நாம் இயங்கிப் புரதங்கள் என்போம். இயங்குவதும் இயக்குவதும் இரண்டும் அச்சொல்லில் அடங்கும்.

அதன் உருவத்தைச் சொல்கின்றேன். கைனேசின் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 80 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து நூறாயிரம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர். நம் நகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்கின்றது என்று கொண்டால் அளவு விளங்கும். ஒருபுறம் சுமையைப் பற்றும் வால். நடுவில் முறுக்கிய தண்டு. மறுபுறம் தடத்தை மாறிமாறிப் பற்றும் இரண்டு உருண்டைகள். கால் என்று சொல்லற்பாலதாகிய இவ்வுருண்டைகளை அறிவியலார் 'தலை' என்று பெயரிட்டுவிட்டனர். தலையால் நடந்தவர் என்று காரைக்கால் அம்மையாரைச் சொல்வார்கள். நம் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரக்கணக்கானோர் தலையால் நடந்துகொண்டிருக்கின்றனர்.

தடமாகிய நுண்குழல் 25 நானோமீட்டர் பருமனுள்ள உள்ளீடற்ற குழல். தூபுலின் என்னும் புரத இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைந்தது. ஓரிணையின் நீளம் 8 நானோமீட்டர். கைனேசினின் ஓரடியும் மிகச் சரியாக 8 நானோமீட்டரே. ஒளிக்கற்றையாலேயே நுண்மணியைப் பற்றி நிறுத்தும் ஒளியிடுக்கி என்னும் கருவியைக் கொண்டு 1993-இல் காரெல் சுவோபோடாவும் இசுடீவன் பிளாக்கும் உடனிருந்தோரும் அவ்வடியை அளந்தனர். வழுக்கிச் செல்லவில்லை, படிப்படியாக, எட்டு எட்டாக ஏறிற்று. 2004-இல் வேறொரு குழு ஒரு தலைக்கு மட்டும் ஒளிரும் அடையாளமிட்டுப் பார்த்தபொழுது, அத்தலை ஒரு முறைக்கு ஏறத்தாழ 16 நானோமீட்டர் தாவுவதும், அடுத்த அடியில் அசையாது நிற்பதும் புலனாயின. நாம் நடப்பதும் அவ்வாறே அன்றோ? உடல் ஓரடி நகரப் பின்னங்கால் ஈரடி தாண்டுகின்றது. அவ்வாறு நொடிக்கு ஏறத்தாழ நூறடி. அடிக்கு ஓர் ஏ.டி.பி.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். 2006-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்துக்கென ஆக்கிய ஓர் அசைபடம் உலகெங்கும் பரவியது. அதிற் கைனேசின் தன்னினும் பன்மடங்கு பெரிய ஓர் உருண்டையை இழுத்துக்கொண்டு, கோயிற் பிரகாரத்தில் வலம் வருபவர் போல அமைதியாக அடியெடுத்து வைக்கின்றது. பார்க்க அழகுதான். ஆனால் மாணவர் மனத்தில் அது விதைக்கும் கருத்து பிழையானது. உயிரணுவினுள் அமைதி இல்லை. நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலிருந்தும் ஓயாமல் வந்து மோதிக்கொண்டேயிருக்கின்றன. அவ்வெப்பப் புயலில் ஒரு கைனேசின் ஆடிக்காற்றில் அகப்பட்ட துணிபோலத் துடிக்கின்றது. மேலும் அவ்வளவு சிறிய உலகத்தில் நீர் தேன்பாகினும் தடித்தது போன்றது. தள்ளுவதை நிறுத்திய அந்நொடியே நகர்வும் நின்றுவிடும். மிதிவண்டியை மிதிக்காமலே உருளவிடுவது போன்ற செயலுக்கு அங்கு இடமில்லை.

அப்புயலில் ஒரே திசையில் எப்படி நடக்கின்றது? இதுவே இன்றைய பொழிவின் நடுநாயகமான செய்தி. மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். முன்தலை தடத்தைப் பற்றி நிற்கின்றது. ஓர் ஏ.டி.பி. அதனுள் புகுந்து அமர்ந்ததும், தலையையும் தண்டையும் இணைக்கும் குறுங்கழுத்து முன்னோக்கி மடிந்து தலையோடு ஒட்டிக்கொள்கின்றது. அதனால் பின்தலை முன்பக்கம் எறியப்படுகின்றது. எறியப்பட்ட தலை நேரே போய் அடுத்த படியில் அமர்வதில்லை. புயலில் அங்குமிங்கும் அலைமோதுகின்றது. ஆயினும் கழுத்து முன்னே மடிந்திருத்தலின், அது எட்டக்கூடிய படி முன்பக்கத்துப் படி ஒன்றே. அலைமோதுகையில் அப்படியைத் தொட்டவுடன் பற்றிக்கொள்கின்றது. அதன்பின் பின்னே நின்ற தலை தன் ஏ.டி.பி.யை உடைத்து முடித்துத் தடத்தை விடுகின்றது. இரண்டு தலையும் ஒருசேர விடாதபடி ஒன்றை ஒன்று காத்துக்கொள்ளும் ஒழுங்கும் அதற்கு உண்டு. ஆகவே கைனேசின் புயலை எதிர்த்துப் போராடவில்லை. புயலையே அடியெடுத்து வைக்கப் பயன்படுத்திக்கொண்டு, பின்னோக்கிச் செல்லும் கதவை மட்டும் அடைத்துவிடுகின்றது. ஏ.டி.பி. செலவாவது அக்கதவை அடைப்பதற்கே என்று சொன்னாலும் பெரும்பிழை ஆகாது.

அதன் திறனையும் கணக்கிடலாம். கைனேசினை ஏறத்தாழ 6 பைக்கோநியூட்டன் விசையால் பின்னே இழுத்தாலே அது நின்றுபோகும். அவ்விசையை 8 நானோமீட்டரால் பெருக்கினால் 48. உயிரணுவினுள் ஓர் ஏ.டி.பி. தரும் ஆற்றல் அதே அளவையில் ஏறத்தாழ 100. எனவே பெற்றதிற் பாதியளவை வேலையாக மாற்ற வல்லது. நம் சாலையில் ஓடும் கன்னெய்ப் பொறிகள் இந்நிலையை எட்டுவது அரிது. சுமை இல்லாதபோது அது தன் வாலை மடித்துத் தலையைத் தடுத்து, எரிபொருளை வீணாக்காமல் ஒதுங்கியிருக்கும் சிக்கனமும் உடையது.

தசையின் மையோசினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். பாடநூல்களில் அது உண்டு. அது தனித்து நெடுவழி நடப்பதன்று. ஒரு தடித்த இழையில் ஏறத்தாழ 300 மையோசின்கள் சேர்ந்து, தேர்வடம் பிடிப்பார் போல, ஒருவர் இழுக்க ஒருவர் விட்டுப் பிடிக்க, ஆக்டின் இழையை இழுக்கின்றன. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன என்பதை 1954-இல் ஒரே இதழில் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: ஆக்டினைப் பற்றிய பிடியை விடுவதற்கே மையோசினுக்கு ஏ.டி.பி. வேண்டும். மூச்சு நின்றபின் ஏ.டி.பி. தீர்ந்துபோகின்றது, பிடித்த கைகள் விடமாட்டா. சில மணி நேரத்தில் பிணம் விறைப்பது அதனால்தான்.

இனி மறுதிசைக்கு வருவோம். கைனேசின் பெரும்பாலும் உயிரணு உடலிலிருந்து இழையின் முனை நோக்கிச் செல்வது. முனையிலிருந்து வீடு நோக்கி மீள்வதற்குத் தைனீன் என்னும் வேறோர் இயங்கி உண்டு. 1965-இல் அயன் கிப்பன்சு, நீர்வாழ் நுண்ணுயிரி ஒன்றின் மயிரிழைகளில் அதைக் கண்டு பெயரிட்டார். விசை என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த பெயர். நரம்பிலும் பிற உயிரணுக்களிலும் மீள்வழிச் சுமையேந்தி அதன் இனமே என்பது 1987-இல் தெளிவாயிற்று. கைனேசினினும் பன்மடங்கு பெரியது, நடையோ ஒழுங்கற்றது, சிலவேளை எட்டு, சிலவேளை பதினாறு, சிலவேளை அதனினும் மிகுதி, பக்கவாட்டிலும் சாயும், பின்வாங்கவும் செய்யும். கள்ளுண்டவன் நடை என்று ஆய்வாளரே சொல்வது உண்டு. ஆனால் வழியில் தடை வந்தால் சுற்றிப் போவதற்கு அந்நடையே உதவுகின்றது போலும்.

பயன்பட்ட பொருளின் எச்சம், முனையில் கிடைத்த வளர்ச்சிக் குறிப்பு ஆகியவற்றைத் தைனீன் வீட்டுக்குக் கொண்டு செல்லும். அதன் குறை என்னவெனின், சுமையின் மேலுறையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளுமேயன்றி, உள்ளே இருப்பது நண்பனா பகைவனா என்று ஆராயாது. வெறிநாய்க்கடி கொல்வது இவ்வழியாலே. கடித்த நாயின் எச்சிலில் உள்ள நச்சுயிரி, கடிவாயில் உள்ள தசையில் முதலில் தங்கும், பெருகும். பின் அங்குள்ள நரம்பு முனையில் புகும். புகுந்தபின் அது தானாக ஒரு நானோமீட்டரும் நடப்பதில்லை, கால் இல்லாதது. நம் மீள்வழிச் சுமையேந்திகளே அதனைத் தோளிலேற்றித் தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் கொண்டு சேர்க்கின்றன.

காலிற் கடிபட்டவனைவிட முகத்திற் கடிபட்டவனுக்கு நோய் விரைவில் வெளிப்படுவது ஏன் என்பது இதனால் விளங்கும்; வழி குறுகியது. கடித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று திங்கள் இருக்கும். ஒரு கிழமையாகச் சுருங்கினாலும் சுருங்கும், ஓராண்டாக நீண்டாலும் நீளும். தடுப்பூசி உயிர் காப்பது இந்த இடைவெளியில்தான். 1885-இல் பாசுச்சர் கடிபட்ட சிறுவனுக்குக் கடித்தபின்பு ஊசியிட்டும் அவன் பிழைத்தான் என்றால், நச்சுயிரி வழியில் இருக்கும்போதே உடல் தன் எதிர்ப்புப் படையைத் திரட்டிக்கொண்டது என்பதே பொருள். நம் குன்னூரில் 1907-இல் பாசுச்சர் நிலையம் தோன்றியதும் இதன்பொருட்டே. நச்சுயிரி மூளையைச் சேர்ந்து நீரச்சம் தோன்றிவிட்டால், அதன்பின் எந்த மருந்தும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. சாவு ஏறத்தாழ உறுதி.

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கின்றேன்? எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் நாய் கடித்த இடத்தில் மிளகாய்த்தூள் அப்புவாரையும், சுண்ணாம்பு தடவுவாரையும் இன்றும் காண்கின்றேன். 'பத்து நாள் ஆயிற்று, ஒன்றும் இல்லை, இனி ஊசி எதற்கு' என்கின்றனர். பத்து நாளில் ஒன்றும் தெரியாமை நலத்தின் அறிகுறி அன்று. சுமை வழியில் இருக்கின்றது என்பதாகவும் இருக்கலாம். கடிபட்டவுடன் ஓடும் நீரில் வழலைக்கட்டியிட்டுப் பதினைந்து நிமையம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசியிட வேண்டும். ஆழ்ந்த கடியாயின் எதிர்ப்புப் புரதமும் கடிவாயில் இட வேண்டும். நாட்கழித்து நினைவு வந்தாலும் செல்ல வேண்டுமேயன்றி, 'காலங்கடந்தது' என்று வாளாவிருத்தல் கூடாது.

தடத்தையே குலைத்துவிட்டால் நச்சுயிரி ஏறாதே என்று ஒரு மாணவன் சென்ற ஆண்டு என்னைக் கேட்டான். நல்ல வினா. அதற்கு விடை நம் மண்ணிலேயே மலர்ந்து நிற்கின்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் முதலில் நிற்பதும், இன்று தமிழ்நாட்டின் மலராக விளங்குவதுமாகிய செங்காந்தளே அது. மூலனூர், ஒட்டன்சத்திரப் பக்கங்களில் உழவர் கண்வலிக்கிழங்கு என்று பந்தலிட்டுப் பயிர்செய்து விதையை விற்கின்றனர் அன்றோ? அவ்விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. மூட்டுவாத மருந்துக்கென அது வெளிநாட்டுக்குப் போகின்றது. அந்நஞ்சு தூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல் கட்டப்படாமல் தடுக்கின்றது. தூபுலின் என்னும் புரதத்தையே 1967-இல் எட்வின் தெய்லரும் கேரி போரிசியும் கண்டறிந்தது, கோல்ச்சிசின் உயிரணுவில் எதனைப் பற்றுகின்றது என்று தேடிச் சென்றதன் பயனே. எலிகளில் செய்த ஆய்வில், கோல்ச்சிசின் இட்டபோது வெறிநோய் நச்சுயிரியின் ஏற்றம் தடைப்பட்டதும் உண்மை.

அவ்வாறாயின் அதனை மருந்தாகக் கொள்ளலாமே எனின், ஒருபோதும் கூடாது. தடத்தைக் குலைத்தால் பகைவன் மட்டும் நிற்பதில்லை. சோறு கொண்டு செல்வோரும் நிற்கின்றனர். உயிரணு இரண்டாகப் பிரியும்போது மரபிழைகளை இருபுறமும் பிரித்திழுக்கும் நுண்குழல்களும் குலைகின்றன. அதனாலேயே குடலின் உட்தோலும் எலும்புமச்சையும் முதலில் அழிகின்றன. கிழங்கை வேறொரு கிழங்கென மயங்கித் தின்றவர் முதல் நாள் வயிற்றுப்போக்கோடு தப்பியவர் போலத் தோன்றிப் பின்னர் மாண்டுபோவது இதனால்தான். அம்மாணவனிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபின், அவன் மற்றொன்று கேட்டான்: "ஐயா, அப்படியானால் தைனீன் சுமையை ஏற்றும் கைப்பிடியில் நச்சுயிரி மட்டும் பிடிக்க முடியாமல் செய்ய இயலாதா?" அவன் இப்பொழுது பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கின்றான், இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றான்.

இவ்வளவில் அமைகின்றேன். வினவ விரும்புவோர் வினவுக.